களவுபோன காளைப் பாட்டு

“இன்னைக்கு இவன் கடையை இழுத்துப் பூட்டாம வீட்டுக்கு வாரதில்ல, பாத்துக்க!”

பைக்கை ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமையில்லை குணசேகரனுக்கு. அறந்தாங்கி வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவனுடைய சவுண்டு சர்வீஸ்தான். பின்னாலிருந்து இறங்கிய மனைவி செவந்தி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

தங்கள் வீட்டு ஜல்லிக்கட்டுக் காளையைப் பற்றி அவளே கட்டிப் பாடிய பாட்டுதான் இந்தக் கோபத்துக்குக் காரணம். திருச்சிக்குக் கூட்டிப்போய் ஒலிப்பதிவு செய்து, காசு கட்டினால்தான் கேட்கலாம் என்று இணையத்தில் ஏற்றியிருந்தான் குணசேகரன். ஒரு ஆள்கூடக் காசு கட்டவில்லை. ஆனால் பாட்டு மட்டும் ஷேர் ஆட்டோ, டீக்கடை, கட்டுமாவடி மீனவர் படகு என்று ஓயாமல் ஒலித்தது. எங்கே கிடைத்தது என்று விசாரித்தால், எல்லாரும் கைகாட்டியது கோபிநாத்தின் செல்போன் கடையைத்தான்.

“வாங்கண்ணே, வாங்க அண்ணி! பாட்டு சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது!” கோபிநாத் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான்.

“பேசாத! தொண்டை வறள இவ பாடுவா, நீ நோகாம மெமரி கார்டுல ஏத்தி ஏத்திக் குடுப்பியா? அடுத்தவங்க உழைப்பைத் திருடித் திங்கிறது ஒரு பொழப்பாடா?”

“விடுங்களேன்,” என்றாள் செவந்தி. “வர்ற வழியில நாத்து நட்டவங்க பூரா நம்ம பாட்டத்தான் பாடிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சு. காசு வந்திருந்தா இந்தச் சந்தோசம் வந்திருக்குமா?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. திருட்டுன்னா திருட்டுத்தான்!”

உள்ளுக்குள் அவனுக்கும் பெருமை பொங்கியது. ஏறிய கோபத்திலிருந்து இறங்கத்தான் வழி தெரியவில்லை.

“சத்தியமா நான் நெட்டுல எறக்கலண்ணே. அதுவா வந்துச்சு,” என்றான் கோபிநாத்.

“அதுவா வர்றதுக்கு அது என்ன மேயப்போன மாடா? கொண்டாந்தவன் யாரு? அவனைத்தான் மொதல்ல போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்.”

கோபிநாத் தலையைச் சொறிந்தான். “அண்ணி முன்னாடி வேணாண்ணே.”

“அவ பாட்டுடா அது! அவளுக்குத் தெரியாம யாருக்குத் தெரியணும்? சொல்லு!”

செவந்தியும் ஆவலாகக் கிட்டே வந்து நின்றாள்.

“பாட்டு ஏத்தச் சொல்லி யார் பென்டிரைவ் குடுத்தாலும், அதுல எங்ககிட்ட இல்லாத பாட்டு இருந்தா எடுத்து வச்சுக்கிறது எங்க கடை வழக்கம்ணே,” என்று இழுத்தான் கோபிநாத். “போன மாசம் கல்யாண வீட்டுல போடணும்னு புதுப்படப் பாட்டு பூராவும் ஓசியில ஏத்திக்கிட்டுப் போனீங்களே... அண்ணி பாட்டு அந்த ஒங்க பென்டிரைவ்லதாண்ணே இருந்துச்சு!”