கதவைத் திறக்கச் சொன்ன குரல்

வெளியே கூடி நின்றவர்கள் எட்டிப் பார்க்காதபடி கதவைத் தாழிட்டுவிட்டு, "கஸ்பாரு சட்டை ஒண்ணு குடும்மா, பெட்டி காத்துக் கெடக்கு" என்றார் தோபியாஸ். கடலுக்குப் போன தம்பி கஸ்பாரின் உடல் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களின் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது அந்தக் கரையின் வழக்கம். தம்பி மனைவி எமல்டா எழுந்திருக்கவில்லை. அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து, சற்றுமுன் கரையேறிய ஊசிக் கணவாய் மீன் ஒன்றை விரலால் தொட்டுக்கொண்டேயிருந்தாள். தொட்ட இடத்தில் செம்புள்ளிகள் விரிந்தன, விரலை எடுத்ததும் சுருங்கின. மறுபடி தொட்டாள். "செத்ததுதான் அத்தான். ஆனா தொட்டா இன்னும் நெறம் மாறுது பாருங்க." "அது கொஞ்ச நேரத்துக்கு அப்பிடித்தான் இருக்கும். அதுல உசிரு இல்ல." அவள் விரல் நிற்கவில்லை. "அப்ப அவரு வளர்த்த மைனா? அதுல உசிரு இருக்குல்ல. அவரு குரல்லயே கூப்பிடுதே." "பறவைக்கு என்னம்மா தெரியும்? கேட்டதத் திருப்பிச் சொல்லுது" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த நீலச் சட்டையைத் தானே உருவினார். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால், அடுப்படிக் கூண்டிலிருந்து குரல் வந்தது: "எமல்டா, கதவத் தொற." எமல்டா அசையவில்லை. சட்டையும் கையுமாக வாசலுக்கு ஓடித் தாழை நீக்கியவர் தோபியாஸ்தான்.