துரைசாணி

கடப்பாரை நடுங்கியது.

தன் கைதான் நடுங்குகிறது என்று முதலில் நினைத்தாள். பிடியை இறுக்கினாள். கை சரியாகத்தான் இருந்தது. தண்டவாளம் நடுங்கிக்கொண்டிருந்தது.

வண்டி வருகிறது.

அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே அவள் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. மற்றவர்கள் குனிந்து தண்டவாளத்தை நெம்பும்போது கேங்கை நடத்தும் மேட் நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கடப்பாரையைத் தொடக் கூடாது.

போன வாரம்தான் மேட் ஆனாள். அதுவரை அவளும் குனிந்தவள்.

நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் சொல்லவில்லை. கூட்டாளிகள் வெயிலில் முதுகு வளைந்து கிடக்க, தான் மட்டும் மரம் மாதிரி நிற்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைக் கிளறிவிடுவதற்கென்று சவரியப்பன் இருந்தார். கேங்கிலேயே மூத்தவர், பாட்டை எடுத்துக் கொடுப்பவர், வாய் சும்மா இருக்காதவர்.

"துரைசாணி நிக்காங்க, பாத்து வேல பாருங்கலே. குனிஞ்சா அவங்களுக்குக் கொண்டை அவுந்துரும்லா."

தினமும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். இன்று சிரிப்பு வரவில்லை. கோமதி லீவு; ஒரு கடப்பாரை சும்மா கிடந்தது.

எடுத்துவிட்டாள்.

அவர்கள் முகத்தில்தான் எவ்வளவு சந்தோஷம்! சவரியப்பன் உடனே பாட்டை எடுத்தார்.

"நெம்புங்க மாமா..."

"நெளியட்டும் பாம்பு!"

பதில் அடி எப்போதும் அவளுடையது. அவள் குரலில்தான் எல்லாக் கையும் ஒன்றாக விழும். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அவளும் பாடினாள், மேட் என்பதையே மறந்து.

இப்போது தண்டவாளம் நடுங்குகிறது.

நிமிர்ந்தாள். வளைவு முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, சத்தமும் இல்லை. ஆனால் வருகிறது. உள்ளங்காலில் வருகிறது.

விசிலை வாயில் வைத்து ஊதினாள்.

வெறும் காற்று.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "வண்டி" என்று கத்தினாள், கத்தியதாக நினைத்தாள். அவள் காதுக்கே கேட்கவில்லை. பாட்டு என்று வந்துவிட்டால் சவரியப்பனுக்கு இடி விழுந்தாலும் தெரியாது.

"நெம்புங்க மாமா..."

பதில் அடி வரவில்லை.

கண்ணைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

அது போதுமாக இருந்தது. கடப்பாரைகளைப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சரிவில் விழுந்தார்கள். இஞ்சின் அலறிக்கொண்டு வளைவில் திரும்பியது. ஜல்லி தெறித்தது.

பக்கத்தில் கிடந்த முகங்களைத் தேடினாள். சவரியப்பன். பிச்சம்மா. அந்தோணி.

இசக்கிராஜ் எங்கே?

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு ஜன்னலில் யாரோ முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். சக்கரங்களுக்கு நடுவே அந்தப் பக்கம் விட்டுவிட்டுத் தெரிந்தது. மண். புல். மறுபடி மண். கால் ஒன்றும் தெரியவில்லை. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'மேட்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான்.

முள்ளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் எத்தனை பெட்டி, தாயே, இன்னும் எத்தனை பெட்டி. சீக்கிரம் போகட்டும் என்று வேண்டினாள். உடனே, போய்விடக் கூடாது என்றும் வேண்டினாள். போனால் தெரிந்துவிடும்.

கடைசிப் பெட்டி போனது.

அந்தப் பக்கச் சரிவில் இசக்கிராஜ் உட்கார்ந்து காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு செருப்பைக் காணோம். இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

அந்தோணி சிரிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டான்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பாள், கொஞ்சம் லேசாகியிருக்கும்.

எழுந்தாள். சரிவில் கிடந்த தன் கடப்பாரையை எடுக்கக் குனிந்தாள். ஏன் குனிந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை பழகிய இடத்துக்குப் போனது, அவ்வளவுதான்.

கடப்பாரையின் மேல் சவரியப்பனின் கால் இருந்தது.

"துரைசாணி" என்றார். "நீ நில்லு தாயி."

யாரும் சிரிக்கவில்லை.

மேலே ஏறிப் போய் நின்றாள். விசிலைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் கடப்பாரைகள் ஒவ்வொன்றாக ஜல்லியில் இறங்கும் சத்தம் கேட்டது. சவரியப்பன் செருமிக்கொண்டு பாட்டை எடுத்தார்.

"நெம்புங்க மாமா..."

அவளுடைய அடி வரும் இடத்தில் எல்லாக் கைகளும் காத்திருந்தன.

அவள் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.