மூன்றாவது பொருள்

பஜனை மடத்து அலமாரியில் மிருதங்கத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் காலையிலிருந்து சண்டை. இசை என்றால் யார் என்று முடிவாகாமல் சாயங்கால பஜனைக்குச் சேர்ந்து வாசிப்பதில்லை என்று இரண்டும் அடம்பிடித்தன. கடைசியில் மேல்தட்டில் இருந்த அகராதியிடமே கேட்டன.

அகராதி தன் பக்கங்களைப் புரட்டி வாசித்தது. "இசைக்கு முதல் பொருள், ஓசை."

"கேட்டுக்கோ! தெருமுனை வரைக்கும் கேட்கிறது என் ஓசைதான்" என்றது மிருதங்கம்.

"இரண்டாவது பொருள், புகழ்."

"பஜனை முடிஞ்சதும் எல்லாரும் யாரைப் புகழறாங்க? என்னைத்தானே!" என்றது ஆர்மோனியம்.

"மூன்றாவது பொருள்..." என்று இழுத்த அகராதி, சங்கடத்தோடு நின்றது. அந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு புத்தகப் பூச்சி தலையை நீட்டியது.

"மன்னிச்சுக்கோங்க, அதை நேத்துத்தான் தின்னேன். 'ஒத்துப்போவது'ன்னு போட்டிருந்துச்சு."

"சும்மா புளுகாதே! அப்படி ஒரு பொருளே கிடையாது!" என்று மிருதங்கமும் ஆர்மோனியமும் ஒரே நேரத்தில், ஒரே சுருதியில் கத்தின.

பூச்சி மெல்லுவதை நிறுத்தியது.

"அட, நல்லா இருக்கே. இன்னொரு தரம் சொல்லுங்க" என்றது.