பழசே போதும்

வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் அவள் லேப்டாப்பைக் கவுண்டரில் வைத்தாள்.

"பழைய ஹார்ட் டிஸ்க்கையே திரும்ப மாட்டிக் குடுங்க."

மெக்கானிக் முகத்தைச் சுளித்தான். "போன வாரந்தானே புதுசு போட்டேன்? பகல்ல ஹேங் ஆகுதா?"

"இல்லை."

"சூடாகுதா?"

"இல்லை. பட்டனைத் தட்டினதும் திறந்துக்குது."

"அதுக்குத்தானே மாத்தினது! வேற லேப்டாப்பே வேண்டாம், இன்னும் நாலு வருஷம் குதிரை மாதிரி ஓடும்."

"முன்னாடியெல்லாம் ராத்திரி வீட்டுல நீங்க இதைத் தட்டிட்டு, அது திறக்குற வரைக்குமாவது என்கிட்ட பேசிட்டிருந்தீங்க."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான் அவள் கணவன்.

"இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுல எங்கே நிமிர்ந்து பாக்குறீங்க? கடைக்கு வர்றவங்க கிட்டதான் முகத்தைப் பாத்துப் பேசுறீங்க. அதான் வரிசையில நின்னேன்."