பத்தாவது தலை

"மறுபடியும் பிரிச்சிட்டியா?"

"சரியா வரலைங்க," என்றாள் மனைவி. துணி ராவணனின் பத்தாவது முகத்தில் தைத்திருந்த உதட்டு நூலை ஊசிமுனையால் உருவிக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொம்மையை எடுத்துப்போக ஆள் கிளம்பிவிட்டான். இன்று கொடுக்காவிட்டால், பொம்மை செய்யச் சொன்ன கண்காட்சிக்காரர் இனி இவர்கள் வாசற்படி மிதிக்கமாட்டார்.

"ஒன்பது தலையை மளமளன்னு தச்சவளுக்கு இந்த ஒண்ணு வராதா? தலைக்கு ஒரு உணர்ச்சின்னுதானே கேட்டாங்க? இதுக்கு என்ன?"

"மனசுவிட்டுச் சிரிக்கணும்."

"இது ஒரு பெரிய விஷயமா! உதட்டை ரெண்டு பக்கமும் இழுத்துவிட்டா தீந்தது."

"இழுத்துப் பாத்தேன். பல்வலிக்காரன் மாதிரி இருக்கான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, ராவணன் தோளில் வரிசையாக நின்ற மற்ற முகங்களைக் காட்டினார்.

"இதைப் பாரு, கோபம். இது அலட்சியம். இது சந்தேகம். புருவத்தை நெறிக்கிறான் பாரு, அசல் அரக்கன்! பஞ்சுக்கு உயிர் குடுத்திருக்கே. இதையெல்லாம் எதைப் பாத்துத் தச்ச?"

அவள் ஊசியில் புது நூலைக் கோத்தாள்.

"கேக்கறேன்ல? அதையே பாத்து இதையும் தச்சுத் தொலையேன்!"

அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அதுக்குத்தாங்க இத்தனை நாளா காத்துக்கிட்டிருக்கேன்."

அவர் புருவத்தை நெறித்தார். எதிரே துணியில் இருந்தவனும் அப்படியேதான் நெறித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"நேரமாச்சுங்க," என்றாள் அவள். "ஒரே ஒரு தடவை, கொஞ்சம் சிரிச்சுக் காட்டுங்களேன்."