போனில்லாத நாலு நாள்

"எல்லாரும் போனை ஆஃப் பண்ணி இந்தப் பையில போடுங்க. அம்மா, உன்னுதும்தான்."

ஏரிக்கரை விடுதிக்குக் கிளம்பும்போதே மகன் சட்டம் போட்டுவிட்டான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். வீட்டில் தலை நிமிராத பேரப்பிள்ளைகள் அங்கே அவள் மடியில் விழுந்து கதை கேட்டார்கள்.

"தங்கச்சிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கறேனே?"

"சித்தி எங்க ஓடியா போயிடப் போறாங்க? நாலு நாள் பேசலேன்னா குடியா முழுகிடும்?"

திரும்பி வந்து வாசலில் இறங்கி, பையிலிருந்த போனை அம்மா ஆன் பண்ணியதும் தங்கை மகளின் அழைப்பு வந்தது.

"ஏன் பெரியம்மா வரலை? நீங்க முகத்தைப் பார்க்கணும்னு சாயங்காலம் வரைக்கும் அம்மாவை எடுக்காம வச்சிருந்தோமே!"

"எனக்குத் தெரியாதேடி!"

"நீங்க ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையிலேயே அண்ணன்கிட்ட சொல்லிட்டேனே..."

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் காரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா? பசங்க எவ்வளவு ஆசையா இருந்தாங்க!"

அம்மா தன் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.

"எங்கம்மா போறே? அங்கதான் எல்லாம் முடிஞ்சு போச்சே!"

"இங்கயும்தான்ப்பா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.