நம்பும்படி இல்லை

ஜூன் 12, வியாழன் காலை பத்து மணிக்குப் படப்பிடிப்புத் தளத்தின் இரண்டாம் மாடியில், புதிய நெடுந்தொடரின் மாமியார், மருமகள் வேடங்களுக்கான தேர்வு நடந்தது. மருமகளாக நடிக்க வந்தவளுக்கு இது ஐந்தாவது தேர்வு. இதுவும் கைநழுவினால் நடிப்பாசைக்கே முழுக்குப் போடுவதென்று இருந்தாள்.

மாமியாராக நடிக்க வந்த அம்மாள் கோப்பையை நகர்த்தி, "இது காபியா, கழுநீரா?" என்று அதட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கட்! எரிச்சலா முறைக்கணும்மா!" என்றார் இயக்குநர்.

மறுபடி எடுத்தார்கள். இம்முறை முறைத்தாள். ஆனால் அம்மாளின் மூக்குக்கண்ணாடி நழுவியதும் அவள் கை தானாகப் போய் அதைச் சரிசெய்தது.

இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். "பாசம் வழியுது! உங்களை மாமியார் மருமகள்னா எவன் நம்புவான்? நிஜத்துல ஒரு மாமியாரையாவது பார்த்திருக்கியாம்மா?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். படியிறங்கும்போது சிரிப்பு வெடித்தது.

"விட்டுத் தள்ளு, அடுத்த தேர்வுக்கும் கூட வர்றேன். வீட்டுல என் பையன் கேட்டா என்னடி சொல்றது?"

"உங்கம்மாவுக்கு மாமியாரா இருக்கவே தெரியலையாம்னு நான் சொல்லிக்கிறேன், அத்தை."

அன்று மாலை அந்த இரு வேடங்களும், காலையில்தான் முதல்முறை சந்தித்துக்கொண்ட இருவருக்குக் கிடைத்தன.